95 அடித்தும் அடங்காத சத்தம்: அப்பாவின் கே.ஈ.30இல் நொக்கிங் தேடிய கதை

முதலில் கேட்டது கடுகண்ணாவை ஏற்றத்தில். கண்டியில் ஒரு கல்யாண வீடு. வண்டிக்குள் அம்மா, தங்கை, அவளுடைய இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையப் பலகாரப் பெட்டிகள். முன்னால் ஒரு லொறி ஊர்ந்துகொண்டிருந்தது, முந்தவும் வழியில்லை, கியரைக் குறைக்கச் சோம்பல், மூன்றாம் கியரிலேயே அக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தபடி முடக்கில் திரும்பியபோது பொனெட்டுக்குள்ளிருந்து டிக்-டிக்-டிக் என்று ஒரு சத்தம். காலைக் கொஞ்சம் தூக்கினால் நிற்கிறது, மிதித்தால் திரும்ப வருகிறது.

"என்ன தம்பி, உண்டியல் குலுக்கிற மாதிரிக் கிடக்கு?" என்றா அம்மா பின்னாலிருந்து. அதைவிடச் சரியாக யாரும் அதற்கு விளக்கம் சொல்லமாட்டார்கள். தகர உண்டியலில் பத்துச் சில்லறையைப் போட்டுக் குலுக்கினால் எப்படியோ அப்படித்தான்.

வண்டி அப்பா விட்டுப்போனது. டொயோட்டா கொரோலா கே.ஈ.30, 1977ஆம் ஆண்டு, 3கே எஞ்சின், 1166 சிசி, கம்ப்ரெஷன் 9க்கு 1, அதாவது உள்ளே வந்த கலவையை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும். காபரேட்டர், பொயின்ட், கண்டென்சர் எல்லாம் பழைய காலத்துச் சாமான். கம்பியூட்டர் என்று ஒன்றும் இல்லாததால், பிழை என்றால் அது கையில் தட்டுப்படும் இடத்தில்தான் இருக்கும் என்பது என் நம்பிக்கை. அந்தப் பிழையைச் செய்த கை என்னுடையதாக இருக்கும் என்று மட்டும் அப்போது நினைக்கவில்லை.

கொழும்புக்கு வந்து கந்தோரில் சொன்னதும் எல்லோரும் கொடுத்தது ஒரே மருந்துதான். "95 அடி மச்சான், எல்லாம் சரியாகும்." 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதில் விலை கூடிய 95 ஒக்டேன். சரி, அடித்தேன். டேங்கில் இருந்த 92ஐ ஓடி முடித்துவிட்டு இரண்டு தடவை முழு டேங்க் 95. சத்தம் குறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. காலையில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் போகும்போது ஒன்றும் கேட்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு, எஞ்சின் நன்றாகச் சூடேறி, நெரிசலில் நின்று நின்று போய், ராஜகிரிய மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் அதே உண்டியல். (கொழும்பில் மலை இல்லை. ஏற்றத்தில் எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்றால் மேம்பாலங்களை விட்டால் வேறு கதியில்லை.)

இந்த இடத்தில் ஒக்டேன் என்பது என்ன என்று கொஞ்சம் கதைக்கவேண்டும், ஏனென்றால் நானும் பல வருடமாகப் பிழையாகத்தான் விளங்கி வைத்திருந்தேன். 95 என்றால் 'கூட சக்தி', 92 என்றால் 'சாதாரணம்' என்று. அப்படி இல்லை. ஒரு லீற்றர் 92இல் இருக்கும் சக்திக்கும் ஒரு லீற்றர் 95இல் இருக்கும் சக்திக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. அந்த எண் சொல்வது ஒன்றைத்தான்: பிளக் தீப்பொறி போடாமல், வெறும் அமுக்கத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொள்வதை அந்தப் பெற்றோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது.

சிலிண்டருக்குள் நடப்பதை இப்படி நினைத்துப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெற்றோலும் அமுங்குகின்றன. உச்சிக்கு வர முன்னமே பிளக் பொறி போடுகிறது, ஏனென்றால் தீ பரவ நேரம் வேண்டும். பிளக்கிலிருந்து தீ ஒரு குமிழி மாதிரி விரிந்து சுவர்ப்பக்கம் போகிறது. அது விரிய விரிய, மூலையில் இன்னும் எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவை மேலும் நசுங்கிச் சூடாகிறது. தீ வந்து சேரும்வரை அந்த மூலைக் கலவை பொறுமையாக இருந்தால் நல்லது. பொறுக்காமல் தானாகவே ஒரேயடியாக வெடித்தால், அந்த அமுக்க அலை சிலிண்டர்ச் சுவரிலும் ஹெட்டிலும் மோதி அவற்றை மணி மாதிரி அதிரவைக்கிறது. அந்த அதிர்வுதான் அம்மாவின் உண்டியல், நொக்கிங் என்பதும் இதைத்தான். எப்போதாவது இரண்டு சத்தம் வந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் மாதக்கணக்கில் அப்படியே ஓடினால் பிஸ்டன் தலை அரித்துப்போகும், ரிங் ஓரம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

எண் எங்கிருந்து வந்தது என்றால், 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இரண்டு திரவங்களை அளவுகோலாக எடுத்தார். இலகுவில் தானாகப் பற்றாத ஐசோ-ஒக்டேனுக்கு 100, உடனே பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. 92 என்றால், கம்ப்ரெஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சோதனை எஞ்சினில் அந்தப் பெற்றோல், 92 பங்கு ஐசோ-ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை மாதிரியே நடந்துகொண்டது என்று அர்த்தம். பெற்றோலுக்குள் 92 வீதம் ஒக்டேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் பெற்றோல் ஷெட்களில் எழுதியிருப்பது ரோன் எண், அதாவது அந்தச் சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி எடுத்த கணக்கு. இதையே 900 சுற்றில், கலவையை நன்றாகச் சூடாக்கி எடுத்தால் வருவது மோன் எண், அது எப்போதும் குறைவாக இருக்கும்.

ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஒருவன், "நாங்கள் இங்க 87 தான் அடிக்கிறம், உங்கட 92 எங்கடையைவிடத் திறம்" என்று தொலைபேசியில் பெருமூச்சு விட்டான். அங்கே பம்பில் எழுதுவது ரோனையும் மோனையும் கூட்டி இரண்டால் வகுத்த எண். அவனுடைய 87, நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92. இரண்டு பேரும் ஒரே தண்ணியைத்தான் குடிக்கிறோம்.

சரி, என் வண்டிக்கு வருவோம். 9க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள, ஜப்பானில் சாதாரண பெற்றோலில் ஓடுவதற்கென்று செய்த எஞ்சின், 95 போட்டும் சத்தம் போடுகிறது என்றால் பெற்றோலைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு பனடோல் போட்டதும் குறைகிறது என்பதால் பனடோல் குறைபாடுதான் வருத்தம் என்று சொல்வோமா?

தெமட்டகொடையில் ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரியும். வாசலில் வெகன் ஆர் கார்கள் வரிசையாக நின்றபடியால் கே.ஈ.30இல் கைவைக்க அவருக்கு நேரமில்லை, ஆனாலும் எட்டிப் பார்த்தார். ஒரு நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை புளொக்கில் ஊன்றி, கைபிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் திறொட்டிலைச் சட்டென்று இழுத்துவிட்டார். பிறகு சாவியை ஓஃப் பண்ணச் சொன்னார். ஓஃப் பண்ணியும் எஞ்சின் நாலைந்து தரம் டுக்கு டுக்கு என்று சுற்றித்தான் நின்றது.

"சூட்டோட ஸ்டார்ட் பண்ணும்போது திக்குதா?"

திக்கியது. சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டார்ட்டர் 'க்ர்ர்... க்ர்ர்' என்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரிச் சுற்றும். அதற்காகப் புது பெட்டரி வேறு வாங்கிப் போட்டிருந்தேன்.

"கடைசியா இதுல யாரு கை வெச்சது?"

"நான்தான் பாஸ். பொயின்ட் செட் மாத்தினேன், கண்டிக்குப் போறதுக்கு முதல் கிழமை."

"தம்பி, இது பெற்றோல் பிழை இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, லாச்சியிலிருந்து டைமிங் லைட்டை, அதாவது பொறி எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் விளக்கை, எடுத்துக் கையில் தந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில்தான். கடற்காற்று அடிக்கிற இடம், எந்த நட்டைத் தொட்டாலும் துரு, ஆகவே முதல்நாள் இரவே எல்லாவற்றுக்கும் துரு நீக்கி எண்ணெய் தெளித்து வைத்திருந்தேன்.

முதல் வேலை எஞ்சினின் முன்பக்கம் சுற்றும் சில்லான கிராங் புலியில், பிஸ்டன் உச்சியைக் காட்டும் குறியை நம்பலாமா என்று பார்ப்பது. முதலாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரோவை விட்டு, புலியைக் கையால் சுற்றினேன். ஸ்ட்ரோ உயர்ந்து, ஒரு கணம் அசையாமல் நின்று, இறங்கத் தொடங்குகிறது. அது நின்ற இடத்தில் புலியின் வெட்டு பூச்சியத்துக்கு நேராக இருந்தது, அப்படியானால் குறி சரி. அந்த வெட்டில் வெள்ளைச் சோக்கால் கோடு போட்டேன், இல்லாவிட்டால் லைட்டில் ஒன்றும் தெரியாது. (ஈர்க்கையோ தீக்குச்சியையோ இதற்குப் பாவிக்க வேண்டாம், உள்ளே உடைந்தால் ஹெட்டைக் கழற்றவேண்டி வரும்.)

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் வெக்கியூம் குழாயைக் கழற்றி (எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முந்தவைப்பது அது) ஒரு ஸ்குரூவால் அடைத்து, அக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐட்லில் விட்டு, லைட்டைப் பிடித்தேன். முதலாம் பிளக்கின் ஒவ்வொரு பொறிக்கும் லைட் ஒருமுறை மின்னும், அதனால் சுற்றிக்கொண்டிருக்கும் புலி அப்படியே உறைந்து நிற்பது போலத் தெரியும். அப்பாவின் மானுவலில் போட்டிருந்தது ஒற்றை இலக்க டிகிரி. என் வெள்ளைக்கோடு அளவுத் தகட்டிலேயே இல்லை, தகடு முடிந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. குத்துமதிப்பாக இருபதுக்கு மேல். பொறி அவ்வளவு முந்தி விழுந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அமுக்கம் உச்சத்துக்குப் போய்விடும், மூலைக் கலவை எப்படிப் பொறுக்கும்? ஸ்டார்ட்டரைப் பின்னால் பிடித்து இழுத்ததும் இதுதான். பெட்டரிக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எப்படி இவ்வளவு முந்தியது என்பதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் இந்த வண்டி மாதக்கணக்கில் நின்றது. யூன் கடைசியில் 92 லீற்றர் 470 ரூபா, 95 லீற்றர் 550 ரூபா, அதுவும் வரிசையில் இரவு பகல் கிடந்தால்தான். பிறகு கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோது, அந்த 20ஐத் தங்கையின் டொயோட்டா விற்ஸுக்கும் எனக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற அரசியலில் கே.ஈ.30 தோற்றுப்போனது. திரும்ப ஓட எடுத்தபோது இழுவை இல்லை என்று ஒரு கராஜில் விட்டேன், இழுவை வந்தது, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பொயின்ட் என்பது டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச், அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். அதில் நார்ப்பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சிறு குதிக்கால் இருக்கிறது, டிஸ்ரிபியூட்டர் நடுத்தண்டின் மேடுகளில் உரசி உரசிப் பொயின்டைத் திறப்பது அதுதான். அது தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பொயின்ட் பிந்தித் திறக்கும், பொறி பிந்தும், இழுவை போகும். சரியான வைத்தியம் பொயின்டை மாற்றுவது, அல்லது இடைவெளியைச் சரிசெய்வது. அவர்கள் அதைத் தொடவேயில்லை, டிஸ்ரிபியூட்டரை அப்படியே திருப்பிப் பொறியை முந்தவைத்திருக்கிறார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் நான் வந்தேன். பஞ்சிகாவத்தையில் புதுப் பொயின்ட் செட் வாங்கி, ஃபீலர் கேஜ் வைத்து 0.45 மில்லிமீற்றர் அளவாகப் பூட்டி, பெருமையோடு மூடினேன். டைமிங் பார்க்கவில்லை. லைட் இல்லை, ஓடுகிறதே, போதும் என்று விட்டேன். இடைவெளி கூடியதும் பொயின்ட் முந்தித் திறக்கத் தொடங்கியது, திருப்பி வைத்த டிஸ்ரிபியூட்டரோ அப்படியே இருந்தது. பாதிப் பிழையைத் திருத்தி முழுப் பிழையாக்கியது நான்.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பழைய டொயோட்டா டிஸ்ரிபியூட்டர்களில் வெக்கியூம் டப்பாவின் நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே சுற்றக்கூடிய ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு சிறு யன்னல், யன்னலில் கோடுகள், ஒரு பக்கம் 'ஏ', மறுபக்கம் 'ஆர்'. இதற்குப் பெயரே ஒக்டேன் செலக்டர். நல்ல பெற்றோல் கிடைக்கும் ஊரில் 'ஏ' பக்கம் சுற்றிப் பொறியை முந்தவைக்கலாம், மட்டமான பெற்றோல் என்றால் 'ஆர்' பக்கம் சுற்றிப் பிந்தவைக்கலாம். இன்றைக்கு நொக்கிங்கை உணரும் நொக் சென்சரும் கம்பியூட்டரும் ஒவ்வொரு வெடிப்புக்கும் செய்வதை அன்றைக்குச் சாரதி இறங்கி நின்று விரலால் செய்தார். எத்தனை வருடம் இந்த வண்டியின் பொனெட்டைத் திறந்திருப்பேன், அந்த மூடிக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாது. கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் சுற்றிவைத்து, அரை மணித்தியாலம் கழித்து மெல்ல அசைத்ததும் சுற்றியது. கோடு முழுக்க 'ஏ' பக்கம். கராஜ்காரர்கள் அதையும் விடவில்லை.

வேலை ஒழுங்கு முக்கியம், நான் அதிலும் ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தேன். முதலில் டைமிங்கைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒரு சந்தேகத்தில் பொயின்ட் இடைவெளியைத் திரும்ப அளந்து, கொஞ்சம் கூட்டி, மூடிவிட்டேன். லைட் பிடித்துப் பார்த்தால் டைமிங் திரும்ப நகர்ந்துவிட்டது. ஆகவே பொயின்ட் முதலில். குதிக்கால் மேட்டின் உச்சியில் நிற்கும்வரை புலியைச் சுற்றி, அந்த இடத்தில் 0.45 வைத்து, ஸ்குரூவை இறுக்கியபின் இன்னொரு தரம் அளக்கவேண்டும், இறுக்கும்போது அது நகரும், கட்டாயம் நகரும். அதன்பிறகு ஒக்டேன் செலக்டரை நடுக்கோட்டில் வைத்து, கடைசியாக டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, லைட்டைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். றோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். மானுவல் சொன்ன இடத்தில் வெள்ளைக்கோடு வந்து நின்றபோது ஐட்ல் கொஞ்சம் விழுந்தது, ஸ்குரூவில் கூட்டிக்கொண்டேன். திறொட்டிலை இழுத்தால் கோடு முந்திப் போகிறது, விட்டால் திரும்பி வருகிறது, அப்படியென்றால் எஞ்சின் வேகம் கூடக்கூடப் பொறியை முந்தவைக்க உள்ளே இருக்கும் பாரக்கட்டைகளும் சுருள்களும் ஒட்டிப்பிடிக்கவில்லை.

பிளக் துளை திறந்திருக்கும்போதே ஃபோனில் பூட்டும் சின்னக் கமராவை உள்ளே விட்டுப் பார்த்திருந்தேன். பிஸ்டன் தலையில் தோசைக்கல் மாதிரிக் கரி. கரி படிந்தால் இரண்டு கெடுதல். இடத்தை அடைத்துக் கம்ப்ரெஷனைக் கூட்டுகிறது, சூட்டையும் வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. செந்தணலாய் ஒட்டியிருக்கும் கரித் துண்டு பிளக் இல்லாமலே பற்றவைக்கும், சாவி ஓஃப் பண்ணியும் எஞ்சின் நிற்காமல் சுற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. கரி கரைக்கும் திரவத்தை நாலு துளைக்குள்ளும் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டேன். ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பிய மேல்மாடி அங்கிளுக்கு முன்னால், பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டர் அடித்தபோது கறுப்பு மை மாதிரி ஒன்று பீறிட்டுச் சுவரில் படம் வரைந்தது. துளைகளுக்கு மேல் துணி போடவேண்டும் என்பது எனக்குத் தெரியும், போட மறந்துவிட்டேன். சுவரைக் கழுவ எஞ்சின் வேலையைவிடக் கூடநேரம் எடுத்தது. அந்தத் திரவம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும், ஆகவே ஒயிலும் ஃபில்டரும் அன்றைக்கே மாற்றவேண்டும்.

பிளக்கையும் மாற்றினேன். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், குறைந்தால் சூடான பிளக். வண்டியில் இருந்தது மானுவல் சொன்னதைவிட ஒரு எண் சூடானது. காபரேட்டரைத் திறந்தால் 2022இல் நின்ற பெற்றோல் பசையாகிக் கிண்ணத்தின் அடியில். மெயின் ஜெட்டைக் கழுவி ஊதினேன், கம்பி விட்டுக் குத்தவில்லை. ஜெட் அடைத்தால் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடும், அதுவும் நொக்கிங்குக்கு ஒரு துணை. ரேடியேட்டரில் குறை ஒன்றும் இல்லை.

லைட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, "லைட் சொல்றது புத்தகக் கணக்கு. இனி ரோட்ல காதால பாருங்க" என்றார்.

பார்த்தேன். டேங்கில் இருந்த 95ஐத் தீர்த்துவிட்டு 92 அடித்து, மத்தியானச் சூட்டில் ராஜகிரிய மேம்பாலம், நாலாம் கியரில் வேண்டுமென்றே மெதுவாகப் போய் அடிவாரத்தில் முழுக்க மிதித்தேன். உண்டியல் இல்லை. கொஞ்சம் மந்தம், ஆனால் சத்தமில்லை. அப்படியானால் இன்னும் கொஞ்சம் முந்தவைக்க இடமிருக்கிறது என்று அர்த்தம். செலக்டரை 'ஏ' பக்கம் ஒரு கோடு சுற்றினேன், இழுவை நன்றாக வந்தது, சத்தம் இல்லை. இன்னொரு கோடு, மேம்பாலத்தின் நடுவில் மெலிதாக ஒரு டிக். ஒரு கோடு பின்னால் எடுத்தேன். பழைய ஆட்கள் இப்படித்தான் டியூன் பண்ணியிருக்கிறார்கள், சத்தம் தொடங்கும் விளிம்புவரை போய் ஒரு அடி பின்வாங்குவது. எஞ்சின் தன் முழு வேலையையும் செய்வது அந்த விளிம்புக்குப் பக்கத்தில்தான்.

இப்போது விளங்கும், கூடிய ஒக்டேன் எந்த வண்டிக்குப் பிரயோசனம் என்று. அந்த விளிம்பை ஒக்டேன் தள்ளிவைக்கும். தள்ளிவைத்த இடத்துக்கு எஞ்சினும் நகர்ந்தால்தான் லாபம். என் வண்டியில் நான் இறங்கிச் செலக்டரைச் சுற்றாவிட்டால் 95 சும்மா எரிந்துபோகும் 95.

இதை வைத்துத் தங்கையோடு ஒரு சண்டை. அவளுடைய விற்ஸுக்கு அவள் எப்போதும் 95தான் அடிப்பாள், "நல்லது போட்டால் நல்லா ஓடும் தானே" என்று. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கான தரமே 89 ரோனுக்குக் குறையக்கூடாது என்பதுதான், அந்த ஊர்ச் சாதாரண பெற்றோலுக்குச் செய்த எஞ்சினுக்கு நம் 92 ஏற்கெனவே தாராளம். நம்பவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கட்டில் மலிவான புளூடூத் டொங்கிள் ஒன்றைப் பூட்டி, ஃபோனில் டைமிங் அட்வான்ஸ் எத்தனை டிகிரி என்று பதிவுசெய்தபடி, ஒரு டேங்க் 92, ஒரு டேங்க் 95, ஒரே மேம்பாலம், ஒரே நேரம், ஏசி போட்டபடி ஓடினோம். இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எது எது என்று எனக்கே சொல்லமுடியவில்லை. 92இலேயே கம்பியூட்டர் தான் விரும்பிய அளவுக்குப் பொறியை முந்தவைத்துவிட்டது, 95 வந்து திறந்துவிட அங்கே பூட்டிய கதவு ஒன்றும் இல்லை.

கம்ப்ரெஷன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் ஏலாது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 எஞ்சினுக்கு 13க்கு 1 என்று போட்டிருக்கும், பயந்து 95 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ளெடுக்கும் வால்வ் பிந்தி மூடுவதால் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும், உண்மையில் அமுக்கப்படுவது அதைவிட மிகக் குறைவு. அதுவும் சாதாரண பெற்றோல் வண்டிதான். மறுபக்கம், கந்தோரில் ஒருவர் ஐரோப்பிய டர்போ கார் வைத்துக்கொண்டு காசை மிச்சம்பிடிக்க 92 அடிக்கிறார். பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் குறைந்தது 95 ரோன் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நொக் சென்சர் கேட்டுக் கேட்டுப் பொறியைப் பிந்தவைத்துக் காப்பாற்றுகிறது, அதனால் சத்தம் வருவதில்லை, ஆனால் பொறி பிந்தும் ஒவ்வொரு தடவையும் இழுவையும் பெற்றோலும் வீண். அவர் மிச்சம்பிடித்த காசு சைலன்சர் வழியாகப் போகிறது என்று சொன்னேன், சிரித்தார். திரீவீல்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், அவை வரும் இந்தியாவில் சாதாரண பெற்றோலே வெகுகாலம் 91ஆகத்தான் இருந்தது. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்பதுதான் அவர்களுக்கு ஆபத்து, ஒக்டேன் அதலபாதாளத்துக்குப் போகும்.

பம்பில் 95க்குப் பக்கத்தில் யூரோ 4 என்று எழுதியிருப்பதையும் ஒக்டேனோடு சேர்த்துக் குழப்பவேண்டாம், அது முக்கியமாகக் கந்தகத்தின் அளவைப் பற்றியது. பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது. ஈயம் ஒக்டேனைக் கூட்டியதோடு, வால்வ் வந்து உட்காரும் இடமான வால்வ் சீற்றுக்கும் மெத்தையாக இருந்தது. அந்த மெத்தையை 95 தராது, அதனால் நான் வால்வ் இடைவெளியைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

போன மாதம் திரும்பக் கடுகண்ணாவை. அதே ஆட்கள், பலகாரத்துக்குப் பதில் நுவரெலியாவுக்குக் குளிர் உடுப்பு. டேங்கில் 92. ஏற்றத்தின் முதல் முடக்கில் மூன்றாம் கியரில் மிதித்தபோது மிக மெலிதாக இரண்டு டிக். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேட்டது. பாறையைக் குடைந்த இடத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, பொனெட்டைத் திறந்து, செலக்டரை 'ஆர்' பக்கம் ஒரு கோடு. பக்கத்தில் அன்னாசி விற்ற அண்ணன் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று நினைத்துத் தண்ணிப் போத்தலோடு ஓடிவந்தார். அதன்பிறகு மேலே போகும்வரை ஒரு சத்தமும் இல்லை. நுவரெலியாவில், கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல், எவ்வளவு முரட்டுத்தனமாக மிதித்தும் நொக்கிங் வரவில்லை. காற்று மெலிவு, சிலிண்டருக்குள் போவதே குறைவு, அமுக்கமும் குறைவு, அங்கே எஞ்சின் கேட்கும் ஒக்டேனும் குறைவுதான். இழுவையும் அதற்கேற்ற மாதிரிக் குறைவு என்பதால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

செலக்டரை இப்போது நடுக்கோட்டிலேயே விட்டுவிட்டேன், இடம் மறக்காமலிருக்கத் தங்கையின் நகப்பூச்சால் ஒரு பொட்டு. சாவி ஓஃப் பண்ணியபின் இன்னும் ஒரு சுற்று டுக்கு என்கிறது, ஐட்ல் கூட இருக்கிறது என்று நினைக்கிறேன், அடுத்த சனி பார்க்கவேண்டும். தங்கை இன்னமும் 95தான் அடிக்கிறாள். வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். 95 பம்பில் வரிசை சின்னது, அதுதான், என்றாள்.